கிரேக்கக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு கோடு

அந்தக் கிண்ணத்தை நான் தூக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. லண்டன் நடுவில் உள்ள ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. கூரை ஒழுகத் தொடங்கியதால் கிரேக்கப் பொருள்கள் இருந்த கூடம் ஒன்றை மூடிவிட்டார்கள். அங்கிருந்த கண்ணாடிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கீழ்த்தளத்துக் களஞ்சிய அறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எங்கள் பிரிவின் வேலையே அதுதான். பொருளைத் தூக்குவது, கொண்டுபோவது, வைப்பது.

அதற்கு முன் பல வருடங்கள் ஒரு பண்டகசாலையில் பீங்கான் தட்டும் கோப்பையும் பொதி செய்துகொண்டிருந்தேன். உடையக்கூடிய பொருள்களைக் கையாளத் தெரிந்தவர்கள் தேவை என்ற விளம்பரத்தை மகள்தான் போனில் பார்த்துக் காட்டினாள். "அம்மா, இது அப்படியே நீங்கள்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவளே விண்ணப்பமும் போட்டாள். வேலை கிடைத்து ஏறத்தாழ ஒரு வருடம் ஆகியும் என்னை இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

எங்கள் பிரிவில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். மன்னார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், லண்டனின் தெற்கே ஸ்ட்ரெதமில் குடும்பத்தோடு இருந்தார். ஞாயிறு பூசைக்குத் தேவாலயப் பாடற்குழுவில் பாடுவார். வேலையிலும் வாய்க்குள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். கூட வேலை செய்தவர்கள் கொஞ்சக் காலம் எங்களை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே நம்பியிருந்தார்கள்.

கண்ணாடி தூக்கும் நாள்களில் காப்பும் மோதிரமும் வீட்டில் இருந்துவிடும். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு மேல் பொத்தானைப் பூட்டிக்கொள்வேன். அன்றைக்கு அண்ணை பஞ்சுபோன்ற ஃபோம் விரித்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டேன். ஒரு கை அடியில், மற்றது பக்கவாட்டில். விளிம்பை எக்காரணம் கொண்டும் பிடிக்கக் கூடாது.

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்தால் எவ்வளவு இடம் வருமோ அவ்வளவுதான் கிண்ணம். கத்தரிப்பூ நிறத்தில் ஒளி ஊடுருவும் கண்ணாடி. அதற்குள் நெருக்கமாக மஞ்சள் சுருள்கள், நத்தை ஓட்டில் இருப்பதுபோல. எந்த இரண்டு சுருளும் ஒரே அளவில் இல்லை. விளிம்பைச் சுற்றி வெள்ளை நூலை முறுக்கிய கயிறுபோல ஒரு கரை ஓடியது. மேலே பூசிய வண்ணம் எதுவும் கிடையாது, எல்லாமே கண்ணாடி. வயது இரண்டாயிரம் வருடத்துக்கு மேல். கண்ணாடியைக் குழாயால் ஊதிப் பாத்திரம் செய்யலாம் என்று மனிதர்கள் கண்டுபிடிப்பதற்கு முந்தியது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

தூக்கினேன். தட்டில் வைத்தேன். தள்ளுவண்டியில் ஏற்றி, லிஃப்டில் இறக்கி, களஞ்சிய அறை மேசைக்குக் கொண்டுவந்தோம். எதிலும் தட்டவில்லை, வண்டி குலுங்கவில்லை, கை வழுக்கவில்லை. அண்ணை மேசை விளக்கைப் போட்டார். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தபோது, கிண்ணத்தின் பின்பக்க விளிம்பிலிருந்து கீழே சாய்வாக இறங்கும் மெல்லிய கோடு ஒன்றைக் கண்டேன். மயிரிழை அளவுதான். சின்ன விரலின் முதல் மூட்டு நீளம் இருக்கும்.

"அண்ணை, இதைப் பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். முணுமுணுப்பு நின்றது.

"முதலே இருந்ததோ?" என்று கேட்டார்.

"தெரியேல்லை. மேலை நான் காணேல்லை."

"நானும் காணேல்லை."

காண வழியில்லை. மேலே அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பிறகு யோசித்தபோது விளங்கிய விஷயம் இது. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. எத்தனையோ கைகள் மாறி, மண்ணுக்குள் கிடந்து, கப்பல் ஏறிக் கடல் கடந்து, போர்களைத் தாண்டி வந்த ஒரு பொருள் என் கையில் வந்துதானா வெடிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது என்ன என்பதில் சந்தேகமில்லை. மேற்கொண்டு தொடக் கூடாது. கன்சர்வேட்டரைக் கூப்பிட வேண்டும். பழம்பொருள்களைச் சோதித்துப் பேணும் நிபுணரை அப்படித்தான் அழைப்போம். எங்களுடைய கன்சர்வேட்டர் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்மணி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார், தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார். வந்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், நெடுநேரம் பார்த்தார்.

"பெட்டியிலிருந்து எடுத்தது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை சொல்லிவிட்டார். "நான்தான்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "இல்லை, நான். என் கையால்தான் எடுத்தேன். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்."

கன்சர்வேட்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. "எங்காவது பட்டதா?"

"இல்லை" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"இது என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியும்வரை கண்ணாடி எதையும் நகர்த்த வேண்டாம். போய்த் தேநீர் குடியுங்கள்."

தேநீர் அறையில் வேறு யாரும் இல்லை. நான் கோப்பையை எடுக்கக்கூட இல்லை.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உமக்கு இன்னும் பேர்மனன்ட் ஆக்கேல்லை. என்னை ஒண்டும் செய்யமாட்டினம்."

"அதுக்காகப் பொய் சொல்லுறதே?"

"பொய் எண்டு ஏன் நினைக்கிறீர்? தட்டைப் பிடிச்சது நான்தானே. நீர் வைக்கேக்கை தட்டு ஆடிச்சுதோ எண்டு நான் இப்பவும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. என்னைக் காப்பாற்ற மட்டும் அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கும் என்னைப்போலவே பயம். கோபம் இறங்கிவிட்டது. "ஆடேல்லை அண்ணை" என்றேன். "ஆடியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"மெய்யாவோ?"

"மெய்யாத்தான்."

அவர் தன்னுடைய தேநீரில் சீனியைப் போட்டுக் கரைத்துக்கொண்டே இருந்தார். கரைந்த பிறகும் கரைத்தார்.

அடுத்த நாள்களில் எங்களை அலுமாரி துடைக்கவும் ஃபோம் வெட்டவும் விட்டார்கள். யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கிண்ணத்தின் பழைய படங்களை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாமே மேலிருந்தும் முன்னாலிருந்தும் எடுத்தவை, பின்பக்கம் ஒன்றிலும் விழவில்லை.

மிச்சம் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தால் என் கைகள் என் பேச்சைக் கேட்கவில்லை. சோற்றுத் தட்டை ஒரு கையை அடியில் கொடுத்து, மற்றதைப் பக்கத்தில் பிடித்து, மேசைவரை நடந்துபோய் வைத்தேன். இவர், என் கணவர், இதைக் கவனித்திருக்கிறார்.

"இஞ்சரும், அது கடையிலை வாங்கின தட்டுத்தானே. என்னத்துக்கு இப்பிடிக் கொண்டுவாறீர்?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கண்ணாடி எண்டா உடையத்தானே செய்யும். அதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்?"

"ரெண்டாயிரம் வருசமா உடையேல்லையப்பா."

 அவர் எழும்பிப்போய்ச் சட்டி பானைகளைத் தானே கழுவி வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை கன்சர்வேட்டர் எங்களைக் கூப்பிட்டார். உருப்பெருக்கியில் பார்த்ததாகவும், அது வெடிப்பாக இல்லாமலும் இருக்கலாம் என்று தனக்குத் தோன்றுவதாகவும் சொன்னார். கோட்டின் வழியே நுண்ணிய குமிழ்கள் இருந்தன. குமிழ் என்றால் கண்ணாடி உருகியிருந்த காலத்தோடு சம்பந்தப்பட்டது. "ஆனால் தோன்றுகிறது என்பதை வைத்து நான் கையெழுத்துப் போடமாட்டேன். பழைய முறைப்படி இப்படிப்பட்ட கிண்ணங்கள் செய்கிற ஒருவர் இருக்கிறார். நாளை அவருடைய பட்டறைக்குப் போகிறேன். நீங்கள் இருவரும் வாருங்கள். முகத்தை இப்படி வைத்துக்கொண்டு நீங்கள் அலுமாரி துடைப்பதைப் பார்க்க முடியவில்லை."

பட்டறை தேம்ஸுக்குத் தெற்கே, ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குக் கீழே இருந்தது. மேலே ரயில் போகும்போதெல்லாம் சுவர்த் தட்டுகளில் இருந்த கண்ணாடிகள் கிணுகிணுத்தன. என் கை தானாக அவற்றைப் பிடிக்கப் போய்த் திரும்பியது. அங்கே ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து வேலை செய்தார்கள். கணவருக்கு முன்கை முழுக்க மயிர் பொசுங்கியிருந்தது. மனைவி சிரித்த முகம். அடுப்பு வெக்கையில் கன்னம் சிவந்து நின்றார்.

"முதலில் சுருளைச் செய்கிறோம்" என்றார் கணவர். சூடான கத்தரிப்பூ நிறக் கண்ணாடித் தகட்டின் மேல் மஞ்சள் தகட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல இரும்புக் கம்பியால் சுருட்டினார். அது கைத் தடிமனில் ஒரு கட்டையாயிற்று. மறுபடியும் அடுப்பில் காட்டி, அது தேன்போல இளகியதும், ஒரு முனையை மனைவி தன் கம்பியில் ஒட்டிக்கொண்டார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி பின்னுக்கு நடந்தார்கள். அவசரமில்லாமல், ஒரே சீராக. நடுவில் கண்ணாடி நீண்டுகொண்டே போனது. கட்டையாக இருந்தது தடியாகி, தடி பென்சிலாகி, பட்டறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் இறுகிவிட்டது.

"எவ்வளவு மெல்லிதாக இழுத்தாலும் உள்ளே இருக்கும் சுருள் கலையாது" என்றார் மனைவி. ஆறியிருந்த பழைய குச்சி ஒன்றை எடுத்து நுனியை நறுக்கிக் காட்டினார். கடையில் வாங்கும் சுவிஸ் ரோலை வெட்டினால் தெரிவதுபோல, பருப்பளவு வில்லைக்குள் மஞ்சள் சுருள் முழுசாக இருந்தது. அண்ணை அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

இப்படி நறுக்கிய வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல வட்டமாக அடுக்கி, சூளையில் வைத்து உருக்கி, ஒரே தட்டாக்குகிறார்கள். விளிம்புக்கு வேறு வேலை. நிறமில்லாத கண்ணாடிக் குச்சியில் வெள்ளை இழை ஒட்டி, சூட்டில் முறுக்கி, கயிறுபோல ஆக்கி, தட்டின் ஓரத்தைச் சுற்றி ஒட்ட வேண்டும். பிறகு அந்தத் தட்டை ஒரு அச்சின் மேல் போட்டு மீண்டும் சூடேற்றினால், பிசைந்த மா துவள்வதுபோலத் துவண்டு கிண்ணமாகிவிடும். அந்தக் காலத்தவர்கள் அச்சைக் கவிழ்த்து வைத்தார்களா நிமிர்த்தி வைத்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறதாம். "நான் கவிழ்த்துத்தான் வைக்கிறேன். எனக்கு அது சரிவருகிறது" என்றார் அவர். கடைசியாக உள்ளும் புறமும் அரைத்து மினுக்க வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் அதிக நாள் பிடிக்கும் வேலை என்று தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்.

கன்சர்வேட்டர் கேட்க வந்த கேள்வியை அப்போது கேட்டார். "விளிம்புக் கயிற்றைச் சுற்றி முடிக்கும்போது என்ன ஆகிறது?"

"அதைப் பாருங்கள்" என்று கணவர் ஒரு தட்டை அடுப்பு வாயில் பிடித்தார். மனைவி கயிற்றை ஊட்டிக் கொடுக்க, அவர் தட்டைத் திருப்பிக்கொண்டே வந்தார். ஒரு சுற்று முடிந்தது. தொடங்கிய முனையும் முடிந்த முனையும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. சின்னக் கரண்டிபோன்ற கருவியால் அந்த இடத்தை அழுத்தினார். ஒன்று மற்றதன் மேல் கொஞ்சம் ஏறிப் படுத்தது.

"கிண்ணமாக வளையும்போது இந்த இடம் இழுபடும். மறைக்க எத்தனையோ விதமாக முயன்று பார்த்தேன். மறையாது."

நான் திரும்பி, சுவர்த் தட்டில் வரிசையாக இருந்த அவருடைய கிண்ணங்களைப் பார்த்தேன். அனுமதி கேட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தேன். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். சன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினேன். விளிம்பிலிருந்து கீழே சாய்வாக இறங்கியது, மயிரிழை அளவில் ஒரு கோடு. அடுத்ததை எடுத்தேன். அதிலும் இருந்தது.

"அண்ணை" என்றேன். கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

அவர் பக்கத்தில் வந்து பார்த்தார். "அதே கோடு" என்றார் மெதுவாக. "அதே சரிவு."

கன்சர்வேட்டர் அவசரப்படவில்லை. "வெடித்தது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். கணவர் பெஞ்சுக்குக் கீழிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பொறுமையில்லாமல் சூளையை நேரத்தோடு திறந்துவிட்டாராம், குளிர் காற்றுப் பட்டதும் டிக் என்று ஒரு சத்தம் கேட்டதாம். அந்தக் கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பியபோது வெடிப்பு ஓரிடத்தில் மீன் செதிள்போல வெள்ளியாக மின்னியது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறைந்தது. சேர்ந்த முனைகளின் கோடு அப்படி மின்னவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மங்கலாக இருந்தது. கன்சர்வேட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். நான் பார்த்து முடிந்ததும் அண்ணையிடம் கொடுத்தேன்.

 திரும்பி வரும்போது ரயிலில், நம்பலாமா என்று மனம் தயங்கியது.

அடுத்த நாள் காலையில் கன்சர்வேட்டர் தன் கையாலேயே கிண்ணத்தை எடுத்து, விளக்கின் முன் எல்லாத் திசையிலும் திருப்பினார். நாங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றோம். கோடு எங்கும் மின்னவில்லை. உருப்பெருக்கியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெள்ளை முறுக்கின் இழைகள் அந்த இடத்தில் சந்திக்காமல் ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தன. ஒரு முனை மற்றதன் மேல் ஏறிப் படுத்திருந்தது. அதன் மேல் சின்னதாக ஒரு பள்ளம். யாரோ ஒருவர், ஆணோ பெண்ணோ, கருவியால் அழுத்திய இடம். அரைத்து மினுக்கிய பிறகும் அது முழுக்கப் போகவில்லை.

"செய்தவர் விட்ட கோடு" என்றார் கன்சர்வேட்டர். "உங்கள் கையில் எதுவும் நடக்கவில்லை. இதை இத்தனை காலம் யாரும் பின்பக்கமாகத் திருப்பிப் பார்க்காததுதான் எனக்கு வெட்கம்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நல்ல வேளை, நீங்கள் பார்த்தீர்கள்" என்றார்.

அண்ணை நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். அதை யாரும் பார்க்கக் கூடாது என்று திரும்பி நின்றுதான் போட்டார், எல்லாரும் பார்த்தோம். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புத்தான் வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. களஞ்சிய அறையில் சிரிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அவரும் சிரித்தார். கன்சர்வேட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, இதை அலுமாரிக்குள் வைப்பது யார்?" என்று கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "தங்கச்சிதான்" என்று தமிழிலேயே சொன்னார். அது கன்சர்வேட்டருக்கும் விளங்கியது.

நான் புதிய கையுறையைப் போட்டுக்கொண்டேன். அண்ணை தட்டைப் பிடித்தார். கிண்ணம் நான் நினைத்திருந்ததைவிட எடை குறைவாக இருந்தது. முதல் தடவை தூக்கியபோது இதைக் கவனிக்கவில்லை.  ஃபோமில் வெட்டிய குழியில் இறக்கிவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அண்ணை அலுமாரிக் கதவை மூடினார். மூடிய கையோடே அவருடைய முணுமுணுப்புப் பாட்டும் தொடங்கிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் இருவரும் வெளியே படிக்கட்டில் இருந்து சாப்பிட்டோம். அவர் மனைவி கட்டித் தந்த புட்டும் மீன் பொரியலும். எனக்குப் பசி எடுத்தே பல நாள் ஆகியிருந்தது. அவருடைய பங்கிலும் பாதியைச் சாப்பிட்டுவிட்டேன்.

"உம்மடை கணவரிட்டைச் சொல்லிப்போட்டீரோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை. நேரை போய்ச் சொல்லப்போறன்."

நேரே போகவில்லை. பின்னேரம் டிராமில் இருக்கும்போது மழை விட்டு வெயில் எறித்தது. எங்கள் தரிப்புக்கு முந்திய தரிப்பிலேயே இறங்கிவிட்டேன், நடக்க வேண்டும்போல இருந்தது. கடைகளுக்கு முன்னால் மரக்கறிப் பெட்டிகள் நனைந்திருந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடச் சீருடையோடு சிப்ஸ் தின்றபடி போனார்கள். போன் அடித்தது. இவர்.

"எங்கை நிக்கிறீர்? என்ன மாதிரி, ஏதும் சொன்னவையே?"

"சொன்னவை. அது வெடிப்பில்லையாம். செய்யேக்கையே இருந்த கோடாம்."

 அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. எனக்கு ஒன்றும் காட்டாமல் இந்த மனிசனும் இவ்வளவு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அப்ப, இரவைக்கு என்ன சமைக்கிறது?" என்று கேட்டார்.

"விருப்பமானதை நீங்களே சமையுங்கோ" என்றேன். "நான் ஆறுதலா வாறன்."